லயத்திலிருந்து ஈஜென் எரிமலை ஏரி வரை: மலையகத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயருக்கு நடுவே ‘ஷ’ இருக்கிறது. அடையாள அட்டையில் அந்த இடத்தில் ‘ஸ’. இந்த ஓர் எழுத்தைச் சரிப்படுத்த ஏழு மாதம் போனது. பள்ளிக்கூடத்தில் எட்டு நாள் லீவும் போனது. அதற்கு முந்திய வருடம் அவசரப்பட்டு வாங்கிய விமான டிக்கட் காசு திரும்பி வரவே இல்லை. கடைசியில் நானும் தம்பியும் இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலை விளிம்பில் விடியற்காலையில் நின்றோம். கீழே நீலமும் பச்சையும் கலந்த ஏரி ஆவி பறக்கக் கிடந்தது. நான் அழுதுவிட்டேன்.

நம் இலங்கை மலைநாட்டில் எரிமலை கிடையாது. கிரகறி வாவி, காசல்ரீ, மவுசாக்கலை என்று நாம் பார்த்து வளர்ந்த நீரெல்லாம் மனிதர் கட்டித் தேக்கியது. எரிமலையின் வாய்க்குள்ளேயே ஓர் ஏரி கிடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் ஆக வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலை ஏறுவது நமக்குப் புதிதல்ல. கடினமான ஏற்றம் காகிதங்களில் இருக்கிறது, அதனால் இந்தக் கட்டுரையில் பாதி காகிதம் பற்றித்தான்.

1. போகும் மாதத்தை முடிவு செய்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஈஜெனில் வெயில் காலம் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை. நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. மழையில் பாதை வழுக்கும், மேகம் மூடினால் ஏரி கண்ணுக்கே தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆகஸ்ட் விடுமுறை நன்றாகப் பொருந்தும்.

ஆகஸ்டில் போவதென்றால் முந்திய ஆகஸ்டிலேயே பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பெயரில் பிழை இல்லாதவர்களுக்கு நான்கு மாதம் போதும். பிழை இருந்தால் அந்த ஒரு வருடமும் தேவைப்படும்.

2. வீட்டிலுள்ள பத்திரங்களைப் பாயில் பரப்பிப் பாருங்கள்

இதை முதலில் செய்யாமல் விட்டதுதான் நான் செய்த பெரிய தவறு. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கலியாணம் முடித்தவர்கள் விவாகப் பத்திரம் எல்லாவற்றையும் அருகருகே வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். இவற்றைப் பாருங்கள்:

உங்கள் பெயரும் அப்பாவின் பெயரும் எல்லாவற்றிலும் ஒன்றா? பிறந்த திகதி ஒன்றா? நம் தோட்டங்களில் பலருடைய பிறப்புப் பதிவு சிங்களத்தில் இருக்கும். அடையாள அட்டை விண்ணப்பத்தை வேறு யாரோ நிரப்பியிருப்பார்கள். மொழி மாறும்போது எழுத்தும் மாறிவிடும். ஊரில் யாரும் கேட்காத வரைக்கும் அது பிழையாகத் தெரியாது. கடவுச்சீட்டு கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரியும்.

பிறப்புப் பதிவில் பிழை என்றால் பதிவு நடந்த பிரதேசத்துக்குரிய பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். அடையாள அட்டையில் பிழை என்றால் கிராம உத்தியோகத்தரிடம் தொடங்குங்கள். தோட்டத்தில் வசிப்பவர்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத் துரையும் (மேலாளர்) அத்தாட்சிப்படுத்தலாம். எதைத் திருத்துவது என்று குழப்பம் வந்தால், உங்கள் பாடசாலைச் சான்றிதழ்களில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதற்கு மற்றதைக் கொண்டு வருவது லேசு. நான் இதை மாற்றிச் செய்யப் போய் இரண்டு மாதம் வீணானது.

ஒரு எச்சரிக்கை. எங்கள் டவுனில் ஒருவர் ‘எல்லாவற்றையும் நானே முடித்துத் தருகிறேன், மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்றார். கொடுத்தேன். ஆறு வாரம் அவர் போனை எடுக்கவே இல்லை. மூலப் பத்திரத்தை எந்த முகவரிடமும் விட்டு வராதீர்கள். பிரதேச செயலகத்தில் புதிதாக ஒரு பிரதி எடுத்து, அதையே கையில் கொண்டு நடங்கள்.

3. கடவுச்சீட்டு

விண்ணப்பப் படிவம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, இரண்டின் பிரதிகள், படம். படத்தை எந்த ஸ்டூடியோவிலும் எடுக்க முடியாது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவுக்குப் போனால் அவர்களே படத்தை நேரடியாக அனுப்பிவிட்டு உங்களிடம் ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

நமக்குப் பக்கம் கண்டியிலுள்ள பிராந்திய அலுவலகம். ஒருநாள் சேவை வேண்டுமென்றால் பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகம். நான் கட்டியபோது சாதாரண சேவை 10,000 ரூபாய், ஒருநாள் சேவை 20,000 ரூபாய். நேரம் இருக்கிறவர்கள் மிச்சம் 10,000 ரூபாயை வழிச்செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். எதற்கும் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ விடிய முன்னம் பஸ் ஏறிப் போய், திகதி இல்லையென்று திரும்பி வருவது பெரிய வேதனை.

முகவரிக் கட்டத்தில் கவனம். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, இலக்கம் இருக்காது, கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அடையாள அட்டையில் முகவரி எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு புள்ளி கூட மாறாமல் எழுதுங்கள். வங்கிக்கும் அதே முகவரியைக் கொடுத்து வையுங்கள், விசா நேரத்தில் உதவும். தபால் வர வேண்டியிருந்தால் ஆபீசில் கடிதம் பிரிக்கிறவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

4. வங்கிக் கணக்கு, அப்புறம் விசா

இந்தோனேசியாவுக்குக் கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கட்டும் கேட்பார்கள். போய் இறங்கி விசா எடுக்கலாம் என்ற பேச்சை நம்பி விமானம் ஏறாதீர்கள். இந்தோனேசியக் குடிவரவுத் துறையின் சொந்த இணையத்தளத்தில் ஊரிலிருந்தே விண்ணப்பித்து, விசா கைக்கு வந்த பிறகு புறப்படுங்கள். அதே மாதிரித் தோற்றத்தோடு முகவர்களின் தளங்கள் நிறைய இருக்கின்றன, இரண்டு மடங்கு காசு கேட்பார்கள். அரசாங்கத் தளத்தின் முகவரி ‘ஜிஓ டொட் ஐடி’ என்று முடியும். அதைப் பார்த்துவிட்டுக் கார்ட் இலக்கத்தைப் போடுங்கள்.

நம்மில் பலர் சறுக்குவது வங்கி அறிக்கையில். கடைசி மூன்று மாத அறிக்கை கேட்டார்கள், கணக்கில் 2,000 அமெரிக்க டொலருக்கு ஈடான தொகை தெரிய வேண்டும் என்றார்கள். நம் சேமிப்பு எங்கே இருக்கிறது? சீட்டில் இருக்கிறது, நகையில் இருக்கிறது, ஊழியர் சேமலாப நிதியில் இருக்கிறது. வங்கிப் புத்தகத்தில் இருப்பதில்லை. கடைசி வாரத்தில் யாரிடமாவது கடன் வாங்கிப் போட்டால் அறிக்கையில் அது அப்பட்டமாகத் தெரியும். சீட்டுக் காசு கைக்கு வரும் மாதத்தைப் பார்த்து, அன்றே வங்கியில் போட்டு, மூன்று நான்கு மாதம் தொடாமல் வைத்திருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். அம்மா தன் சீட்டை எங்களுக்காக முன்கூட்டியே எடுத்துத் தந்தார்.

வங்கி அட்டையை வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்து வைக்கச் சொல்லி வங்கியில் கேளுங்கள். அதைச் செய்யாததால் கட்டணம் கட்டும் பக்கத்தில் மூன்று தடவை மறுத்துவிட்டது. விசாக் கட்டணம் ஒருமுறை கட்டினால் கட்டியதுதான், மறுத்தாலும் திரும்பாது. அதனால் படிவத்தை இரண்டு பேர் வாசித்துப் பார்த்த பிறகு அனுப்புங்கள்.

5. விமான டிக்கட்: விசாவுக்குப் பிறகு, ஒரே டிக்கட்டாக

விசா விண்ணப்பத்துக்கு டிக்கட் தேவைப்பட்டால் முன்பதிவு மட்டும் செய்யுங்கள், முழுக் காசையும் கட்ட வேண்டாம். முந்திய வருடம் என் காசு போனது இப்படித்தான்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் போய், அங்கே மாறிப் பாலியின் டென்பசாருக்குப் போவது வழக்கமான பாதை. மலிவு என்று இரண்டு தனித்தனி டிக்கட் வாங்காதீர்கள். தனி டிக்கட் என்றால் நடுவில் பையை எடுத்துத் திரும்பப் போட வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய நமக்கு வேறு விசா வேண்டும். கட்டுநாயக்காவிலேயே உங்களை நிறுத்திவிடுவார்கள். ஒரே டிக்கட்டாக, பை டென்பசார் வரை நேராகப் போகும்படி வாங்குங்கள். எங்களுக்குப் போய்வர ஆளுக்கு 1,38,000 ரூபாய் ஆனது, முன்கூட்டியே வாங்கியதால்.

பெயர்க் கட்டத்தில் நமக்குக் குடும்பப்பெயர் இல்லாத பிரச்சினை வரும். கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறதோ, டிக்கட்டிலும் அதே மாதிரி. முதலெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள்.

6. பாலியிலிருந்து ஜாவாவுக்கு

பாலியில் இறங்கும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 150,000 ரூபியா சுற்றுலாக் கட்டணம் கட்ட வேண்டும், இணையத்தில் முன்பே கட்டலாம். ரூபியா நோட்டில் பூச்சியங்கள் கண்ணைக் குழப்பும். சிவப்பு நோட்டு 100,000. ஊதா நோட்டு 10,000. இருட்டில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

டென்பசாரிலிருந்து பாலியின் மேற்கு முனையான கிலிமானுக் துறைமுகத்துக்குத் தெருவழியாக நான்கு மணி நேரம். அங்கிருந்து ஜாவாவின் கேதாபாங்குக்குப் பெரிக் கப்பல், இரவு பகலாக ஓடும், ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். நடந்து ஏறுகிறவருக்குக் கட்டணம் 10,000 ரூபியாவுக்குச் சற்று மேல்தான். பாலியும் ஜாவாவும் ஒரே நாடு, ஆனால் கடிகாரம் வேறு. பாலியில் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னே, ஜாவாவில் ஒன்றரை. போனில் நேரம் மாறியதா என்று பார்த்துவிட்டு அலாரம் வையுங்கள்.

பாலியிலிருந்தே இரவோடிரவாகக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவரும் வேன்கள் இருக்கின்றன. நான் அதைச் சொல்ல மாட்டேன். தூக்கமில்லாமல் ஏறி, தூக்கமில்லாமல் திரும்புவீர்கள். ஜாவாக் கரையிலுள்ள பன்யுவாங்கி டவுனில் இரண்டு இரவு தங்குங்கள். அறையும் சாப்பாடும் பாலியைவிட மலிவு, சோறு எங்கும் கிடைக்கும். அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஜீப்பில் சேர்ந்து போக ஆளுக்கு 400,000 ரூபியா கொடுத்தோம்.

7. வாசலில் கேட்பவை

மலை ஏறும் இடத்தின் பெயர் பால்டுடிங். அங்கே மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். பன்யுவாங்கியில் சின்ன கிளினிக்குகளில் முந்திய நாள் எடுக்கலாம், இரத்த அழுத்தம் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். நாங்கள் போன வார நாளில் 100,000 ரூபியா. விடுமுறை நாளில் கூடும், கூட்டமும் கூடும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மலை மூடியிருக்கும், அந்த நாளைத் தவிர்த்துத் திட்டம் போடுங்கள்.

புறப்படும் முன் எரிமலையின் எச்சரிக்கை நிலையைப் பாருங்கள். இந்தோனேசியாவில் நான்கு படிகள்: நோர்மல், வாஸ்படா, சியாகா, ஆவாஸ். நோர்மலுக்கு மேல் போனாலே கட்டுப்பாடுகள் வரும். அன்று விடமாட்டோம் என்றால் வாதாடாமல் திரும்புங்கள். அதற்காகத்தான் இரண்டு இரவு தங்கச் சொன்னேன்.

நச்சுவாயு முகமூடி அவசியம். கோவிட் காலத்துத் துணி முகமூடி எதற்கும் உதவாது. வாசலருகே வடிகட்டி வைத்த முகமூடி வாடகைக்குக் கிடைக்கும். போட்டு, காற்றை உள்ளே இழுத்துப் பார்த்து, ஓரம் கசிகிறதா என்று சோதித்து வாங்குங்கள். இளைப்பு உள்ளவர்கள், இதய வருத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் போகவே வேண்டாம்.

8. ஏற்றமும் ஏரியும்

வாசல் அதிகாலை 2 மணிக்குத் திறக்கும். பால்டுடிங் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர். அதாவது நுவரெலியா டவுன் உயரம். விளிம்பு 2,380 மீட்டர் அளவில், நம் கிரிகல்பொத்த உச்சிக்குக் கிட்ட. தூரம் மூன்று கிலோமீட்டர்தான். சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணியிலிருந்து ஏறியவர்களுக்கு இது பயப்பட வேண்டிய ஏற்றமல்ல. படிகள் இல்லை, சரளை மண். நடுப்பகுதிதான் செங்குத்து. ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் ஜனவரியில் நுவரெலியாவில் இருப்பது போல. கம்பளித் தொப்பி, கையுறை, நல்ல பிடியுள்ள சப்பாத்து.

விளிம்பிலிருந்து பள்ளத்துக்குள் இறங்க முக்கால் மணி நேரம், கல்லும் பாறையுமான வழி. நீல நெருப்பைப் பார்க்க வேண்டுமென்றால் விடிவதற்குள் கீழே இருக்க வேண்டும். வெடிப்புகளிலிருந்து கொதித்து வரும் கந்தக வாயு காற்றுப் பட்டதும் பற்றி எரிகிறது. வெளிச்சம் வந்ததும் அந்தச் சுடர் கண்ணுக்குத் தெரியாது. காற்று திரும்பினால் வெள்ளைப் புகை நேராக நம் மேல் வரும். அப்போது ஓடாதீர்கள். முகத்தைத் திருப்பி, அசையாமல் நில்லுங்கள். பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் விலகும். விலகாவிட்டால் வழிகாட்டி சொல்கிற பக்கம் போங்கள். இறங்குவதற்குத் தடை இருக்கும் நாட்களில் விளிம்போடு நின்றுவிடுங்கள். என் மனதுக்கு, ஏரிதான் பெரிது. நெருப்பைத் தவறவிட்டாலும் குறையில்லை.

நாங்கள் விளிம்புக்குத் திரும்பி ஏறியபோது இன்னும் விடியவில்லை. முதலில் கீழே ஒன்றுமில்லை, சாம்பல் நிறப் பள்ளம் மட்டும். கிழக்கே வெளுத்ததும் அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து மெதுவாக ஒரு பச்சை எழுந்தது. பச்சையா நீலமா என்று சொல்ல முடியவில்லை. மயில் கழுத்துக்குப் பால் விட்ட மாதிரி. வெயில் எட்ட எட்ட நிறம் ஏறிக்கொண்டே போனது. ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளமான நீர், ஒரு சிற்றலை கூட இல்லை. சுற்றிலும் செடி இல்லாத சுவர், மழை வழிந்த கோடுகள் மட்டும். ஓர் ஓரத்தில் மஞ்சள் கந்தகம், அதிலிருந்து புகை. தண்ணீரில் கரைந்த உலோகங்களும் நுண்ணிய கந்தகமும்தான் அந்த நிறத்தைத் தருகின்றன. அந்தத் தண்ணீர் கடும் அமிலம், பற்றரி அமிலம் போன்றது. உலகத்திலேயே மிகப்பெரிய கடும் அமில எரிமலை ஏரி இதுதான். மீனில்லை, பாசியில்லை, பறவை வந்து இறங்கவில்லை. இத்தனை அழகான நீரில் விரல் நனைக்க முடியாது என்பது மனதை என்னவோ செய்தது. எவ்வளவு கிட்டப் போனாலும் கையை வைக்காதீர்கள்.

படம் எடுக்கும்போது பின்னால் அடி வைக்காதீர்கள். 2024 ஏப்ரலில் இங்கே படம் எடுக்க நின்ற பயணி ஒருவர் உடையில் கால் தடுக்கிப் பள்ளத்தில் விழுந்து இறந்தார். விளிம்பு மண் உதிரி மண். நீளப் பாவாடை, தரையில் இழுபடும் சேலை வேண்டாம்.

9. கூடை சுமப்பவர்களுக்கு வழி விடுங்கள்

பள்ளத்துக்குள் குழாய்கள் வழியாகக் கந்தக வாயு குளிர்ந்து, சிவப்பாக வடிந்து, மஞ்சளாக உறைகிறது. தொழிலாளர்கள் அதை உடைத்து இரண்டு கூடையில் போட்டு, மூங்கில் தடியில் தோளில் தூக்கி ஏறுகிறார்கள். 70 கிலோ, சிலர் 90 கிலோ வரை. தடி ஒவ்வோர் அடிக்கும் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும். அந்தச் சத்தம் பின்னால் கேட்டதும் மலைப் பக்கமாக ஒதுங்குங்கள், பள்ளப் பக்கமாக அல்ல. ஒருவர் கூடையை இறக்கி வைத்தபோது அவர் தோளைப் பார்த்தேன், தடி அழுந்திய இடத்தில் தோல் காய்த்து மேடாக இருந்தது. கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி அம்மாவின் உச்சந்தலையில் முடி இல்லாமல் போன இடம் எனக்கு ஞாபகம் வந்தது. கேட்காமல் அவர்களைப் படம் பிடிக்காதீர்கள். பிடித்தால் காசு கொடுங்கள், சின்ன நோட்டுகளை அதற்காகவே மாற்றி வையுங்கள். கந்தகத்தில் வார்த்த ஆமை, பூ என்று விற்பார்கள். எரியும் பொருள் என்பதால் விமானத்தில் கொண்டு வர முடியாது. விலையைக் கொடுத்துவிட்டுப் பொருளை அவர்களிடமே விட்டு வரலாம், நாங்கள் அப்படிச் செய்தோம்.

ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், வெயில் ஏறினால் நிழல் இல்லை. திரும்பும்போது இந்த மேட்டுநிலத்தின் கோப்பித் தோட்டங்கள் பக்கம் போக நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள்.

10. புறப்படும் இரவில் கழற்றி வைக்க வேண்டியவை

வெள்ளி மெட்டி, கொலுசு, அரைஞாண் எதையும் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள். கந்தகப் புகை பட்டால் வெள்ளி கறுத்துவிடும். கண்ணில் வில்லை போடுகிறவர்கள் அன்று மூக்குக்கண்ணாடி போடுங்கள். பருத்தி உடுப்பு ஒரு சோடியும் பெரிய பொலித்தீன் பையும் ஜீப்பில் விட்டுச் செல்லுங்கள். ஏறிய உடுப்பை அந்தப் பையில் கட்டித் தனியாகக் கொண்டு வாருங்கள், மற்ற துணியோடு சேர்த்தால் எல்லாம் மணக்கும். தம்பியின் ஜாக்கெட்டை மூன்று தடவை துவைத்துவிட்டோம். லயத்து முற்றத்துக் கொடியில் காயும்போது இன்னும் பட்டாசு மணம் வருகிறது.